கடைக் காசு வேறு, வீட்டுக் காசு வேறு
சொந்த வீடு வாங்க நினைக்கும் வியாபாரிகளுக்கு ஓர் அனுபவக் கணக்கு

கடந்த மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது, பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் என்னோடு கூடவே நடந்து வந்தார். சிறிது தூரம் பேசாமல் வந்தவர், “நானா, பன்னிரண்டு வருசமா யாவாரம் செய்றேன். நாளொண்டுக்கு எழுபது, எண்பதாயிரத்துக்கு விக்குது. ஆனா இன்னும் வாடகை வீடுதான். காசு எங்க போகுதெண்டே விளங்குதில்ல” என்றார்.

இது அந்தத் தம்பியுடைய பிரச்சினை மாத்திரமல்ல. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் நாற்பது வயதுக்குள் ஒரு வீட்டைக் கட்டிக் குடியேறிவிடுகிறார். அவரைவிட இரண்டு மடங்கு உழைக்கும் வியாபாரி ஐம்பது வயதிலும் வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். நானும் பதினைந்து வருடங்கள் அப்படி இருந்தவன்தான். வீடு வாங்கப் புறப்பட்டபோது நான் விட்ட பிழைகளையும், பின்னர் கற்றுக்கொண்டவற்றையும் இங்கு எழுதுகிறேன். யாருக்காவது ஒரு வருடமாவது மிச்சமானால் போதும்.

கேள்வி கேட்டவர் மனைவி

2003இல் புறக்கோட்டையில் ஒரு சிறிய புடவைக்கடை ஆரம்பித்தேன். தெமட்டகொடைப் பக்கம் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒன்பது வருடங்களில் மூன்று வீடுகள் மாறினோம். 2012இல் மூத்த மகளை முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டி வந்தது. பாடசாலை அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணங்களுக்குத்தான் பெரும்பகுதிப் புள்ளிகள் என்பது பெற்றோருக்குத் தெரியும். சொந்தப் பெயரில் உறுதி உள்ளவருக்கு ஒரு புள்ளி, வாடகைக்காரருக்கு அதைவிடக் குறைவு. என்னிடமோ பதிவு செய்யப்படாத வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான் இருந்தது. வாக்காளர் இடாப்பில் என் பெயர் ஊரில் இருந்தது. நேர்முகப் பரீட்சையில் இரண்டு நிமிடத்தில் எங்களை அனுப்பிவிட்டார்கள். மகள் காலை ஐந்தே முக்காலுக்கு வேனில் ஏறித் தூரத்துப் பாடசாலைக்குப் போகத் தொடங்கினாள்.

மனைவி குறை சொல்லவில்லை. ஒரு நாள் இரவு மாத்திரம், “கடைக்கு மூணு தரம் இராக்கை மாத்திட்டீங்க. புள்ளைகளுக்கு ஒரு ஆணி அடிக்கிறதுக்குச் சொந்தச் சுவர் இல்லையே” என்றார். அன்றிரவு பழைய கணக்குக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடங்களில் என் கைக்கு வந்துபோன காசு ஒரு வீட்டுக்கல்ல, பல வீடுகளுக்குக் காணும். ஆனால் வீட்டுக்கென்று ஒரு சதமும் எங்கும் இல்லை. எல்லாம் கடை லாச்சியில் விழுந்தது, கடை லாச்சியிலிருந்தே போனது. வீட்டு அரிசியும், மொத்த வியாபாரியின் செக்கும், கல்யாண வீட்டு அன்பளிப்பும், தம்பிக்குக் கொடுத்த கைமாற்றும் ஒரே லாச்சியிலிருந்துதான்.

வியாபாரிக்கு வீடு அமையாமல் போவதற்கு வருமானக் குறைவு மாத்திரம் காரணமல்ல. கடைப் பையும் வீட்டுப் பையும் ஒன்றாக இருப்பதுதான் பெரிய காரணம். இதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்றவை பயன்தரும்.

1. உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள்

நாளொன்றுக்கு எண்பதாயிரம் விற்கிறது என்றால் அது வருமானமல்ல, விற்பனை. அதில் சாமானின் கொள்விலை, கடை வாடகை, மின்சாரம், பையன்மாரின் சம்பளம், போக்குவரத்து, வராமல் போகும் கடன் எல்லாம் கழிந்து மிஞ்சுவதே இலாபம். அந்த இலாபத்திலும் ஒரு பகுதி அடுத்த சீசனுக்குச் சாமான் எடுக்கத் தேவை.

நான் செய்தது இதுதான். மூன்று மாதங்கள் ஒவ்வொரு நாளும் லாச்சியில் விழுந்ததையும் வெளியே போனதையும் ஒரு கொப்பியில் எழுதினேன். வீட்டுக்கு எடுத்த இருநூறு ரூபாவையும் எழுதினேன். மூன்றாவது மாத முடிவில்தான் என் உண்மையான மாத இலாபம் எவ்வளவு என்பது எனக்கே தெரிய வந்தது. நான் நினைத்ததன் பாதிதான். ஆனால் தெரிந்த பாதி, தெரியாத முழுதைவிட மேல்.

பின்னர் எனக்கு ஒரு சம்பளம் தீர்மானித்தேன். வியாபாரம் மந்தமான மாதத்திலும் கடையால் தாங்கக்கூடிய தொகை அது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி அதை எடுத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அதன் பிறகு வீட்டுச் செலவுக்கென்று லாச்சியைத் தொடுவதில்லை. முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. தொட்டபோதெல்லாம் எழுதினேன். எழுத வேண்டி வந்ததாலேயே தொடுவது குறைந்தது.

2. வீட்டுக் காசைச் சுவர் வைத்துக் காப்பாற்றுங்கள்

2014இல் வீட்டுக்கென்று தனிக்கணக்கு ஒன்றைத் திறந்தேன். ஒரு வருடத்தில் எட்டு இலட்சம் சேர்ந்தது. 2015இல் நோன்புக்கு முன் ஒரு மொத்த வியாபாரி மலிவு விலைக்குச் சாமான் தருவதாகச் சொன்னார். “பெருநாள் முடிய வைத்துவிடலாம்” என்று நினைத்து எட்டு இலட்சத்தையும் எடுத்தேன். சாமானில் பாதி விற்கவில்லை. அந்தக் காசு திரும்பக் கணக்குக்கு வரப் பதினான்கு மாதங்கள் சென்றன. அந்த இடைவெளியில் நாங்கள் பார்த்து வைத்திருந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

அதன் பிறகு கணக்கை நானும் மனைவியும் இருவரும் கையொப்பமிட்டால்தான் எடுக்கலாம் என்று மாற்றினேன். செக் கொப்பியும் இல்லை, அட்டையும் இல்லை. வியாபாரி மலிவுச் சரக்கைக் கண்டால் தன்னைத்தானே நம்பக் கூடாது.

காசை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கூடுதலான இலாபம் தருவதாகச் சொல்லும் பதிவில்லாத நிறுவனங்களில் வீட்டுக் காசை இழந்தவர்கள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் கிடைக்கும் பாதுகாப்பு எல்லை 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. எனவே தொகை பெருகும்போது இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பது புத்தி.

சீட்டு நல்ல பழக்கம்தான். ஆனால் சீட்டுப் பிடிப்பவரின் நாணயம்தான் அதன் ஒரே பிணை. எனவே சிறு தொகைக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டு விழுந்த அன்றே காசை வீட்டுக் கணக்கில் போடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, ரூபாவில் மாத்திரம் சேர்த்தவர்களின் காசுக்கு என்ன நடந்தது என்பதை எல்லோரும் கண்டோம். ஆகவே சேமிப்பில் ஒரு பகுதியைத் தங்கத்தில் வைப்பதையும், முடிந்தவர்கள் முதலில் ஒரு சிறு காணித் துண்டாக வாங்கி வைப்பதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். கடைச் சாமானாக வைப்பதை மாத்திரம் தவறென்று சொல்வேன்.

ஸக்காத்தையும் கணக்கில் சேருங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஸக்காத் இல்லை என்பதால், வீட்டுக்காகச் சேரும் காசுக்கும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நிஸாபை அடைந்து ஒரு வருடம் பூர்த்தியான சேமிப்பு எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் கடமையாகும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். 50 இலட்சத்துக்கு இரண்டரை வீதம் ஒரு இலட்சத்து 25 ஆயிரம். இதை ஆரம்பத்திலேயே திட்டத்தில் எழுதிவிட்டால் பின்னர் பாரமாகத் தெரியாது.

3. வீட்டின் விலை வேறு, வீடு வாங்கும் செலவு வேறு

பலர் விலையை மாத்திரம் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு ஒரு வீடு பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது செலவு முத்திரை வரி. விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். அதாவது முதல் இலட்சத்துக்கு 3,000 ரூபா. மீதி ஒரு கோடி 19 இலட்சத்துக்கு 4,76,000 ரூபா. மொத்தம் 4,79,000 ரூபா. இதைச் செலுத்துவது வாங்குபவர்.

அடுத்தது நொத்தாரிசு கட்டணம். இதை முன்கூட்டியே பேசி எழுத்தில் பெறுங்கள். பின்னர் உறுதித் தேடல் கட்டணம், நில அளவையாளர் கட்டணம், வங்கியூடாக வாங்கினால் விலைமதிப்பீட்டுக் கட்டணம், வங்கியின் ஆவணச் செலவு, காப்புறுதி அல்லது தகாபுல். குடியேறும்போது கூரை, குழாய், மின்சாரம் என்று திருத்த வேலைகள் நிச்சயம் வரும். எனது அனுபவத்தில் இவை எல்லாவற்றுக்கும் விலையில் பத்து வீதத்தை ஒதுக்கினால்தான் நிம்மதி. நமது உதாரணத்தில் அது 12 இலட்சம்.

முத்திரை வரியைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். வரி சந்தைப் பெறுமதிக்குத்தான். மாகாண இறைவரித் திணைக்களம் மீள மதிப்பிட்டு மீதியைக் கேட்கலாம். வங்கியும் உறுதியில் உள்ள விலையைப் பார்க்கும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருந்தால் மூலதன ஈட்டு வரியும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டின் அத்திவாரம் ஒரு பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீட்டு விலையில் பாதியான 60 இலட்சத்தை வங்கி தருகிறது என்றால், உங்கள் கையிலிருந்து 60 இலட்சமும் செலவுக்கு 12 இலட்சமும், ஆக 72 இலட்சம் தேவை. ஊரில் உள்ள காணிப் பங்கு அல்லது நகை மூலமாக 18 இலட்சம் தேறினால் மீதி 54 இலட்சம். மாதம் ஒரு இலட்சம் சேர்த்தால் 54 மாதங்கள், அதாவது நாலரை வருடங்கள். அதற்கிடையில் வீட்டு விலையும் ஏறும். எனவே ஒவ்வொரு வருடமும் பெருநாள் கணக்கு முடிந்ததும் இந்தக் கணக்கையும் ஒரு தரம் திருத்தி எழுதுங்கள்.

4. வங்கிக்குப் போவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே வங்கிக்கு ஆயத்தமாகுங்கள்

நான் முதன்முதலாக ஒரு வங்கிக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி மரியாதையாக மூன்று காரணங்களைக் காட்டித் திருப்பி அனுப்பினார். மூன்றும் என் பிழைகள்தான்.

முதலாவது, எனது வரிக் கணக்கில் காட்டியிருந்த வருமானத்துக்கு நான் கேட்ட தொகை பொருந்தவில்லை. “இதைவிட நிறைய உழைக்கிறேன்” என்றேன். “காகிதத்தில் இல்லையே” என்றார். வரிக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு, மனதில் ஒரு கணக்கு என்று மூன்று வைத்திருப்பவருக்கு வீடு கிடைக்காது. ஒரே கணக்கு வைத்திருங்கள். விற்பனைக் காசை லாச்சியிலிருந்து நேரே செலவழிக்காமல், கிழமைக்கு இரண்டு தரமாவது வங்கியில் வைப்பிலிடுங்கள். அந்த வங்கிக் கூற்றுத்தான் உங்களுக்காகப் பேசும்.

இரண்டாவது, ஒரு பெருநாள் நேரம் கணக்கில் காசு போட மறந்ததால் எனது செக் ஒன்று திரும்பியிருந்தது. மூன்றாவது, நண்பர் ஒருவரின் லொறி லீசிங்குக்கு நான் பிணை நின்றிருந்தேன். அவர் தவணை தவறவிட்டது எனக்கே தெரியாது. ஆனால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அது என் பெயரில் இருந்தது. நாம் கிரிப் என்று சொல்லும் அந்தப் பணியகம் 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. உங்களது அறிக்கையை நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். வங்கி பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். பிழையிருந்தால் திருத்தக் காலம் எடுக்கும். பிணைக் கையொப்பம் என்பது வெறும் உபகாரமல்ல, உங்கள் வீட்டிலிருந்து கழற்றிக் கொடுக்கும் ஒரு கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இப்போது வழி இருக்கிறது. 2005இல் வங்கிச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் அதற்குக் கதவைத் திறந்தது. 2011இல் முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கி இயங்கத் தொடங்கியது. வேறு வங்கிகளிலும் தனிப்பிரிவுகள் உள்ளன. வீடுகளுக்குப் பெரும்பாலும் குறைந்து செல்லும் முஷாரகா முறையைப் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் வங்கியும் பங்காளிகளாக வீட்டை வாங்குகிறீர்கள். வங்கியின் பங்கை நீங்கள் பயன்படுத்துவதற்கு வாடகை செலுத்துகிறீர்கள். கூடவே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்குகிறீர்கள். கடைசித் தவணையோடு வீடு முழுவதும் உங்களுடையதாகிறது. கையொப்பமிட முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: வாடகை எத்தனை காலத்துக்கு ஒரு தரம் மீளாய்வு செய்யப்படும்? அது எதை வைத்து மாறும்? முன்கூட்டியே பங்கை வாங்கினால் என்ன செலவு? தவணை பிந்தினால் என்ன நடக்கும்?

5. இன்றைய தவணையை அல்ல, மோசமான நாளின் தவணையைப் பாருங்கள்

60 இலட்சத்தை 15 வருடங்களில் செலுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12 வீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 72,000 ரூபா. அதுவே 24 வீதமானால் ஏறத்தாழ 1,23,500 ரூபா. இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 ஆரம்பத்தில் 8 வீதமளவில் இருந்த வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் அந்த வருட முடிவில் 27ஐத் தாண்டியது. இஸ்லாமிய வசதிகளிலும் வாடகை மீளாய்வு இதே சந்தையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் நடக்கிறது.

நான் 2018இல் வாங்கிய வீட்டுக்கும் 2022இல் தவணை ஒன்றரை மடங்கானது. அதே நேரம் கடை விற்பனை விழுந்தது. எங்களைக் காப்பாற்றியது இரண்டு விடயங்கள். ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகையை வீடு வாங்கிய பின்னும் தொடாமல் வைத்திருந்தோம். அத்தோடு கடையின் சுழற்சி முதலில் கைவைத்து வீட்டை வாங்கவில்லை. அந்த நேரம் என்னிடம் வந்து கண்கலங்கியவர்களில் சிலர், கடைச் சாமான் முழுவதையும் விற்று வீட்டுக்கு முற்பணம் கட்டியவர்கள். வீடு இருந்தது, தவணை கட்டுவதற்குக் கடை இருக்கவில்லை.

நமது உதாரணத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மாதம் ஒரு இலட்சம் சேமித்துக்கொண்டு 45,000 ரூபா வாடகையும் கட்டுபவர், உண்மையில் மாதம் 1,45,000 ரூபாவைத் தாங்கப் பழகியவர். 24 வீதத்தில் வரும் தவணையும் அதற்குள் அடங்கும். நாலரை வருடச் சேமிப்பு என்பது முற்பணம் சேர்ப்பது மாத்திரமல்ல, தவணைக்குப் பயிற்சியும்தான். ஒரு வருடம் கூட ஒழுங்காகச் சேமிக்க முடியாதவர் பதினைந்து வருடம் தவணை கட்டலாம் என்று நம்ப வேண்டாம்.

6. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உறுதியைக் கொடுங்கள் சட்டத்தரணிக்கு

2016இல் ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். தெரிந்தவர் என்பதால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். இரண்டு மாதத்தில் அவர் கூடுதல் விலைக்கு வேறொருவருக்கு உறுதி எழுதிவிட்டார். சட்டத்தரணியிடம் ஓடினேன். அவர் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தைக் காட்டினார். காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. அந்த வெள்ளைத் தாளை வைத்து வீட்டைக் கேட்க முடியாது. கொடுத்த காசைத் துண்டு துண்டாகத் திரும்ப வாங்க இரண்டு வருடங்களானது.

அன்றிலிருந்து யாருக்கும் சொல்வது இதுதான். வீடு பிடித்திருந்தால் முதலில் உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் வாங்கிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருட வரலாற்றைத் தேடச் சொல்லுங்கள். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, யாருக்காவது சீவிய உரித்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு அட்வான்ஸ். அதையும் நொத்தாரிசு உடன்படிக்கையாகச் செய்து பதிவு செய்யுங்கள்.

நமது சமூகத்தில் அடிக்கடி காணும் சிக்கல் ஒன்று, வாப்பா விட்டுச்சென்ற வீட்டை மூத்த மகன் விற்பது. “தங்கச்சிமார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்பார்கள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமிலா உரிமைச் சட்டப்படி மார்க்கச் சட்டத்தின் பங்குகளே செல்லும். மனைவிக்கும் மகள்மாருக்கும், சில வேளை மரணித்தவரின் உம்மாவுக்கும் பங்குண்டு. எல்லோரும் கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் முறையான அற்றோர்னித் தத்துவம் அனுப்ப வேண்டும். ஒரு கையொப்பம் குறைந்தாலும் நீங்கள் வாங்குவது வீடல்ல, பிரிக்கப்படாத ஒரு பங்கு. பங்கு பிரிப்பு வழக்குகள் எத்தனை வருடங்கள் இழுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சகோதரியின் உரிமை நம் வீட்டுச் சுவருக்குள் இருக்க நமக்கு எப்படித் தூக்கம் வரும்?

உள்ளூராட்சி மன்றத்திலும் விசாரியுங்கள். சோலைவரி நிலுவை இருக்கிறதா, வீதி அகலிப்புக் கோடு காணிக்குள் வருகிறதா, கட்டிடம் அனுமதித்த வரைபடப்படி கட்டப்பட்டு இணக்கச் சான்றிதழ் பெற்றிருக்கிறதா என்பவை முக்கியம். இவை இல்லாவிட்டால் வங்கியும் பின்வாங்கும்.

கடைசியாக அயலவரிடம் கேளுங்கள். 2016 மே வெள்ளத்துக்குச் சில மாதங்களின் பின் வெல்லம்பிட்டியில் ஒரு வீட்டைக் குறைந்த விலைக்குக் காட்டினார்கள். புதுப் பெயின்ட் மணத்தது. எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கேட்டேன். கடைக்காரர் தன் நெஞ்சு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். அந்த இருபது ரூபா பிளேன்டீ எனக்குப் பல இலட்சங்களை மிச்சப்படுத்தியது.

7. யாருடைய பெயரில்?

வியாபாரத்தில் நட்டம் வரலாம், வழக்கு வரலாம். வீட்டையும் கடையையும் ஒரே ஈட்டில் கட்டிவிடாதீர்கள். கடைக்குக் கடன் எடுக்க வீட்டு உறுதியைக் கொண்டுபோனால், நாம் கட்டிய சுவரை நாமே இடிக்கிறோம். மனைவியின் நகையை விற்று வீடு வாங்குவதானால் அந்தப் பங்கு உறுதியில் அவர் பெயரில் வருவதே நியாயம். நாங்கள் இருவர் பெயரிலும் எழுதினோம். நகை அவருடையது, உழைப்பு இருவருடையதும்.

இன்றே தொடங்கக் கூடியவை

ஒரு கொப்பி வாங்கி மூன்று மாதம் வரவு செலவு எழுதுங்கள். நான்காம் மாதம் உங்களுக்கு ஒரு சம்பளம் தீர்மானியுங்கள். இரட்டைக் கையொப்பத்தோடு ஒரு வீட்டுக் கணக்குத் திறவுங்கள். கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். விலையோடு பத்து வீதம் சேர்த்துக் கணக்கிடுங்கள். உறுதி பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். வீடு வாங்கிய மறுநாளும் கடையில் சாமான் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

2018இல் மாபோலைப் பக்கம் எட்டுப் பேர்ச்சில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். பெரிய வீடல்ல, சமையலறையில் இப்போதும் மழைக்கு ஓர் இடத்தில் ஒழுகும். மூத்த மகளுக்கு அந்த வீடு காலம் பிந்தித்தான் கிடைத்தது. அவள் ஐந்தே முக்கால் வேனிலேயே படித்து முடித்தாள். அது எனக்கு இன்றும் மனதில் ஒரு கடன்தான். கடைசி மகன் வீட்டிலிருந்து நடந்தே பாடசாலைக்குப் போகிறான்.

பிளாஸ்டிக் கடைத் தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க அஸருக்கு அதான் சொல்லிவிட்டது. போகும்போது, “நானா, கொப்பிக் கடை எதுல நல்ல கொப்பி இருக்கு?” என்று கேட்டார். எந்தக் கொப்பியும் பரவாயில்லை தம்பி, இன்று இரவே முதல் வரியை எழுதுங்கள் என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.